எட்டு மில்லிகிராம் சிறுநீரகம், மூன்று வழிகள்

போன மாதம் ஒரு ராத்திரி போன் வந்தது. முன்பு எங்கள் லேபில் ப்ராஜெக்ட் செய்த பெண், இப்போது வேறு ஊரில் பிஎச்டி. "அக்கா, எத்திக்ஸ் கமிட்டி ஒப்புதல் வந்திடுச்சு. சர்க்கரை நோயால கிட்னி கெட்டுப்போனவங்களோட பயாப்சி பன்னிரண்டு கிடைக்கும். கைடு சிங்கிள் செல் பண்ணலாங்கிறார். பக்கத்து லேப் சார் சிங்கிள் நியூக்ளியஸ்தான் சரிங்கிறார். கம்பெனி ஆள் வந்து ஸ்பேஷியல்தான் இப்ப எல்லாரும் பண்றாங்கன்னு சொல்லிட்டுப் போறார். எதைத்தான் எடுக்கிறது?"

பதிலுக்கு நான் ஒன்றுதான் கேட்டேன். பயாப்சி எடுக்கும் ஆஸ்பத்திரிக்கும் உன் லேபுக்கும் எவ்வளவு தூரம்?

"பஸ்ல ரெண்டு மணி நேரம்."

பாதி முடிவு அங்கேயே ஆகிவிட்டது. மீதிப் பாதியைப் பற்றி அன்று இரவு பதினொன்றரை வரை பேசினோம். இதே கேள்வியோடு வேறு சிலரும் வந்ததால் அந்தப் பேச்சை ஒழுங்குபடுத்தி இங்கே எழுதுகிறேன். நான் பைப்பெட் பிடிப்பவள் அல்ல. தரவு வந்தபின் கணினியில் உட்கார்ந்து அதைப் பிரித்துப் பார்ப்பவள். திசு மேசையில் நடந்த தப்பெல்லாம் கடைசியில் என் திரையில்தான் வந்து நிற்கும். அந்தக் கோணத்திலிருந்துதான் பேசுகிறேன்.

இந்தத் துறைக்குப் புதியவர்களுக்காகக் கொஞ்சம் முன்கதை. உடம்பில் ஏறத்தாழ எல்லாச் செல்களிலும் இருப்பது ஒரே டிஎன்ஏதான். எந்த மரபணுக்கள் இப்போது வேலை செய்கின்றன என்பதில்தான் நரம்பும் தோலும் வேறுபடுகின்றன. வேலை செய்யும் மரபணு ஆர்என்ஏ நகல்களை உண்டாக்குகிறது. ஒவ்வொரு செல்லிலும் எந்த நகல் எத்தனை என்று எண்ணினால் அது என்ன வகைச் செல், என்ன நிலையில் இருக்கிறது என்று சொல்லிவிடலாம். அவள் கேட்ட மூன்று வழிகளும் இப்படி எண்ணுவதற்குத்தான்: சிங்கிள் செல் என்றால் முழுச் செல்லையும், சிங்கிள் நியூக்ளியஸ் என்றால் உட்கருவை மட்டும், ஸ்பேஷியல் என்றால் திசுவைப் பிரிக்காமல் வெட்டுத் துண்டில் வைத்தே படிப்பது. 2009-இல் கேம்பிரிட்ஜில் அசீம் சுரானியின் குழு எலிக்கருவின் தனிச் செல்லில் இப்படி ஆர்என்ஏ முழுவதையும் படித்துக் காட்டியது. 2015-இல் ஹார்வர்டிலிருந்து டிராப்-சீக், இன்டிராப் என்ற இரண்டு முறைகள் ஒரே சமயத்தில் வந்தன. எண்ணெயில் மிதக்கும் நுண்ணிய நீர்த்துளி ஒவ்வொன்றிலும் ஒரு செல்லையும் அடையாளக் குறியாக டிஎன்ஏ பார்கோடு பூசிய ஒரு மணியையும் அடைத்து, ஒரே நாளில் ஆயிரக்கணக்கான செல்களைப் படிக்கலாம் என்று ஆனது. அடுத்த ஆண்டே அவிவ் ரெகெவும் சாரா டைக்மனும் லண்டனில் ஆட்களைக் கூட்டி ஹியூமன் செல் அட்லஸைத் தொடங்கினார்கள். மனித உடலின் எல்லாச் செல் வகைகளுக்கும் ஒரு வரைபடம் என்பது அதன் நோக்கம்.

உடலில் உள்ள செல்கள் சுமார் 30 லட்சம் கோடி என்பது 2016-இல் வந்த ஒரு மதிப்பீடு. எண்ணிக்கைப்படி அதில் 84 சதவீதம் சிவப்பணுக்கள். முதிர்ந்த சிவப்பணுவில் உட்கருவே கிடையாது. ஆக, உட்கருவைப் படிக்கும் வழியில் போனால் உடலின் பெரும்பான்மை செல்கள் பட்டியலிலேயே வராது! வேடிக்கைக்காகச் சொல்லவில்லை. ஒவ்வொரு வழியும் ஏதோ ஒரு செல்லைத் தவறவிடும். சிறுநீரகத்தில் எது போனால் பரவாயில்லை, எது போகவே கூடாது என்று கேட்டால் தேர்வு தானாகத் தெளிவாகும். அவளுடைய ஆய்வில் போகக் கூடாத செல் போடோசைட். வடிகட்டும் குளோமெருலஸில், ரத்த நுண்குழாய்களைக் கால்விரல்களால் கட்டிப் பிடித்ததுபோல் சுற்றி உட்கார்ந்திருக்கும் செல் அது. சர்க்கரை நோயில் உதிர்ந்துபோவதும் அதுதான்.

முழுச் செல்லைப் பிரிப்பது

இதுதான் பழகிய வழி. திசுவைப் பொடியாக நறுக்கி, கொலாஜினேஸ் மாதிரி நொதியில் 37 டிகிரியில் ஊறவைத்து, வடிகட்டி, உயிரோடு இருக்கும் செல்களை மட்டும் துளிக்கருவியில் ஏற்றுவார்கள். செல் முழுசாக வருவதால் சைட்டோபிளாச ஆர்என்ஏ கிடைக்கும். செல்லின் மேற்பரப்புப் புரதங்களையும் பார்கோடு கட்டிய ஆன்டிபாடிகளால் கூடவே அளக்கலாம். ரத்தம், எலும்பு மஜ்ஜை, நிணநீர் முடிச்சு போன்றவற்றுக்கு இதைவிட்டால் வேறு வழியைப் பற்றி யோசிக்கவே வேண்டாம். அவை ஏற்கனவே உதிரியாக இருப்பவை, அல்லது லேசாகத் தட்டினாலே உதிர்பவை.

சிறுநீரகம் அப்படி இல்லை. நுண்குழல்கள் நெருக்கமாக அடுக்கப்பட்டு, ஒவ்வொன்றும் தன் அடிச்சவ்வில் ஒட்டிக்கொண்டிருக்கும். அதைப் பிரிக்கும் அளவுக்கு நொதி வேலை செய்தால் மென்மையான செல்கள் செத்துப்போகும். நொதியைக் குறைத்தால் போடோசைட் பிடியை விடாது. 2019-இல் எலிச் சிறுநீரகத்தில் இரண்டு வழிகளையும் ஒப்பிட்டு ஒரு ஆய்வு வந்தது. அதற்கு முன் வெளியான முழுச்செல் தரவுகளில் போடோசைட் 0.12 சதவீதம். உட்கரு வழியில் 2.4 சதவீதம். இருபது மடங்கு வித்தியாசம்.

இந்த விகிதத்தை அவளுடைய பயாப்சிக்குப் போட்டுப் பார்த்தோம். ஊசியில் வரும் துண்டு ஏறத்தாழ 1 மில்லிமீட்டர் தடிமன், 10 மில்லிமீட்டர் நீளம் என்று வைத்தால் கன அளவு 8 கன மில்லிமீட்டருக்குக் கொஞ்சம் குறைவு, அதாவது எட்டு மில்லிகிராம் சொச்சம். அதிலிருந்து 5,000 நல்ல செல்கள் கிடைத்தன என்றே வைத்துக்கொள்வோம். முழுச்செல் வழியில் 6 போடோசைட், உட்கரு வழியில் 120. எலியின் விகிதம் மனிதனுக்கு அப்படியே பொருந்தாது, நோயாளியிடம் இன்னும் குறையும். இருந்தாலும் ஆறை வைத்துக்கொண்டு யாரும் எதையும் சொல்ல முடியாது.

இன்னொரு சிக்கல் எனக்குச் சொந்த அனுபவம். சில வருஷங்களுக்கு முன் ஒரு தரவு வந்தது. சிறுநீரகம் இல்லை, வேறு உறுப்பு. நோயாளிகளின் செல்களில் ஃபாஸ், ஜூன், வெப்ப அதிர்ச்சிப் புரதங்கள் என்று, செல் நெருக்கடியில் இருக்கும்போது வேலை செய்யும் மரபணுக்கள் எல்லாம் எகிறிக் கிடந்தன. நோயின் தடயத்தைப் பிடித்துவிட்டோம் என்று இரண்டு மாதம் ஆட்டம் போட்டோம். அப்புறம் யாரோ மாதிரிக் குறிப்பேட்டைப் புரட்டினார்கள். ஒப்பீட்டு மாதிரிகள் காலையில் எடுத்து உடனே பிரிக்கப்பட்டவை. நோயாளி மாதிரிகள் மத்தியானம் வரை பனிக்கட்டிப் பெட்டியில் காத்திருந்து, அப்புறம் நொதியில் கூடுதல் நேரம் கிடந்தவை. நாங்கள் பார்த்தது நோயை அல்ல, நொதிக் குளியலில் செல்கள் போட்ட கூச்சலை. இதே கூச்சலை 2017-இல் தசைத் தண்டுச் செல்களில் காட்டியிருந்தார்கள். படித்தும் இருந்தோம். ஆனாலும் தன் தரவு என்று வரும்போது கண் மறைத்துவிடுகிறது.

இதற்கு ஒரு மாற்று உண்டு. பேசில்லஸ் லைக்கெனிஃபார்மிஸ் என்ற பாக்டீரியாவின் புரத நொதி குளிரிலும் வேலை செய்யும். 6 டிகிரியிலேயே சிறுநீரகத்தைப் பிரித்துக் காட்டினார்கள். குளிரில் செல் புதிதாக ஆர்என்ஏ எழுதுவது கிட்டத்தட்ட நின்றுவிடும் என்பதால் கூச்சலும் அடங்கும். நல்ல முறைதான். ஆனால் திசு புதிதாக, சூடு ஆறுவதற்குள் கையில் இருக்க வேண்டும் என்ற நிபந்தனை அப்படியே நிற்கிறது. பயாப்சி என்றைக்கு, எத்தனை மணிக்கு வரும் என்பது மருத்துவர் கையில். பஸ் எப்போது வரும் என்பது யார் கையிலும் இல்லை.

பின்னால் கணினியில் வரும் ஒரு வலியையும் சொல்லிவிடுகிறேன். செத்துக்கொண்டிருக்கும் செல்லில் மைட்டோகாண்ட்ரியா ஆர்என்ஏவின் பங்கு கூடும். அதனால் 5 சதவீதத்துக்கு மேல் இருந்தால் தூக்கிப் போடு என்று பாடக்குறிப்புகளில் பழக்கிவிட்டார்கள். சிறுநீரகத்தின் அண்மைக் குழல் செல்கள் உப்பையும் சர்க்கரையையும் ஓயாமல் திரும்ப இழுப்பவை. அந்த உழைப்புக்கு மைட்டோகாண்ட்ரியா நிறைய வேண்டும். அங்கே போய் 5 சதவீத அளவுகோலை வைத்தால் ஆரோக்கியமான செல்களைத்தான் குப்பையில் போடுவோம்.

உட்கருவை மட்டும் எடுப்பது

திசுவை எடுத்த உடனே உறையவைத்துவிடு. மாதக்கணக்கில் மைனஸ் 80-இல் கிடக்கட்டும். எல்லாம் சேர்ந்தபின் பனிக்கட்டியின் மேல் வைத்து, கண்ணாடி உலக்கையால் மெதுவாக அரைத்து, லேசான டிடர்ஜென்ட்டால் செல்சவ்வை உடைத்து, உட்கருக்களை வடிகட்டி எடு. நொதிக் குளியல் கிடையாது, சூடு கிடையாது. உறைந்த நொடியில் என்ன ஆர்என்ஏ இருந்ததோ அது அப்படியே நிற்கிறது.

சிறுநீரகம் மட்டுமல்ல, பெரிய செல்கள் உள்ள எல்லாத் திசுவும் இந்த வழிக்குத்தான் வந்து சேர்ந்தது. இதயத் தசைச் செல் நூறு மைக்ரான் நீளம், துளிக்கருவியின் வாய்க்காலில் நுழையாது. 2020-இல் வந்த இதய வரைபடத்தில் 14 பேரின் சுமார் 4.87 லட்சம் செல்களும் உட்கருக்களும் இருந்தன. அதில் 3.63 லட்சம் உட்கருக்கள். கொழுப்புச் செல் மிதக்கும், உடையும். நரம்புச் செல்லின் நீண்ட கிளைகள் பிரிக்கும்போதே அறுந்துவிடும். 2023-இல் வந்த மூளை வரைபடம் 30 லட்சத்துக்கும் மேற்பட்ட உட்கருக்களால் ஆனது.

குறை இல்லாமல் இல்லை. உட்கருவில் ஆர்என்ஏ குறைவு. அதில் பெரும்பகுதி இன்னும் வெட்டி ஒட்டப்படாத நகல்கள், அதாவது பின்னால் வெட்டி எறியப்படும் இன்ட்ரான் பகுதிகள் ஒட்டிக்கொண்டிருப்பவை. பழைய மென்பொருள் அமைப்பில் இன்ட்ரானை எண்ணாமல் விட்டுவிட்டு, தரவு சரியில்லை என்று அழுதவர்களைப் பார்த்திருக்கிறேன். இப்போது செல் ரேஞ்சர் என்ற மென்பொருளின் 7-ஆம் பதிப்பிலிருந்து இன்ட்ரானை எண்ணுவதே வழக்க அமைப்பு. பழைய தரவோடு புதியதைச் சேர்க்கும்போது மட்டும் இதைச் சரிபார்க்க வேண்டும்.

பெரிய குறை நோயெதிர்ப்புச் செல்களில். டி செல், பி செல், என்கே செல் மூன்றும் உட்கரு வழியில் குறைவாக வருகின்றன. சிறுநீரகத்தில் வழிகளை ஒப்பிட்ட 2020 ஆய்வு ஒன்றில் இது நன்றாகத் தெரிந்தது. மூளையின் எதிர்ப்புச் செல்லான மைக்ரோக்ளியாவில் வேறு மாதிரிக் குறை. செல் கிடைக்கும், ஆனால் அது தூண்டப்பட்ட நிலையைக் காட்டும் மரபணுக்கள் சரியாகப் பதியாது. அதனால் லூபஸ் மாதிரி, எதிர்ப்புச் செல்கள்தான் கதாநாயகர்கள் என்ற நோயாக இருந்திருந்தால் அவளுக்கு நான் வேறு பதில் சொல்லியிருப்பேன். ஆஸ்பத்திரிக்குப் பக்கத்திலேயே ஒரு மேசை பிடி, முழுச் செல் எடு என்று.

இன்னொன்று, ரசம். செல்லை உடைத்தால் சைட்டோபிளாசம் வெளியே கொட்டும். அதில் மிதக்கும் ஆர்என்ஏ எல்லாத் துளிகளுக்குள்ளும் போய்விடும். சிறுநீரகத் தரவில், ஒரு வகைக் குழல் செல்லில் மட்டும் வேலை செய்ய வேண்டிய யூரோமோடுலின் மரபணு எல்லாச் செல்லிலும் லேசாகத் தெரிந்தால் புதுக் கண்டுபிடிப்பு என்று குதிக்க வேண்டாம், ரசம் கலங்கியிருக்கிறது என்று அர்த்தம். சூப்-எக்ஸ், செல்பெண்டர் மாதிரி நிரல்கள் இதைக் கழித்துத் தரும். ஆனால் கழுவுவதை மேசையிலேயே நன்றாகச் செய்தால் கணினியில் கழிப்பது குறையும்.

இதற்கு ஈடாக உட்கரு வழி தரும் ஒரு சலுகையும் உண்டு. அதே உட்கருவில் ஆர்என்ஏவோடு, டிஎன்ஏவின் எந்தப் பகுதிகள் திறந்து கிடக்கின்றன என்பதையும் சேர்த்துப் படிக்கலாம். எந்த மரபணு பேசுகிறது என்பதோடு அதற்கு யார் சுவிட்ச் போட்டார் என்றும் ஊகிக்கலாம். செலவு ஏறத்தான் செய்யும். முதல் திட்டத்தில் வேண்டாம் என்றுதான் சொன்னேன்.

வெட்டுத் துண்டில் வைத்தே படிப்பது

கம்பெனி ஆள் சொன்னதிலும் நியாயம் இருக்கிறது. மேலே சொன்ன இரண்டு வழிகளும் திசுவைக் கரைத்துவிடுகின்றன. யார் யாருக்குப் பக்கத்தில் இருந்தார் என்பது போய்விடும். வடுப்பட்ட குளோமெருலஸின் பக்கத்தில் இருந்த குழல் செல்லும், நல்ல குளோமெருலஸின் பக்கத்தில் இருந்த குழல் செல்லும் ஒரே கோப்பையில் கலந்துவிடும்.

2016-இல் சுவீடனிலிருந்து வந்த முறைதான் இப்போது விசியம் என்று விற்கப்படுவதற்கு மூலம். பார்கோடு அச்சிட்ட புள்ளிகள் நிறைந்த கண்ணாடியில் திசுச் சீவலை ஒட்டி, அந்தந்த இடத்து ஆர்என்ஏவை அந்தந்தப் புள்ளியில் பிடிக்கிறார்கள். வழக்கமான விசியத்தில் புள்ளியின் விட்டம் 55 மைக்ரான். ஒரு புள்ளியின் நடுவிலிருந்து அடுத்ததன் நடுவுக்கு 100 மைக்ரான். மனித குளோமெருலஸின் விட்டம் சுமார் 200 மைக்ரான். அப்படியென்றால் ஒரு குளோமெருலஸின் மேல் விழுவது மூன்று நான்கு புள்ளிகள். ஒவ்வொரு புள்ளியிலும் போடோசைட், ரத்தக்குழாய் செல், மெசாஞ்சியல் செல் மூன்றும் கலந்தே இருக்கும். இதைத் தனிச்செல் வரைபடம் என்று சொல்ல முடியாது. அக்கம்பக்கத்து வரைபடம் என்று வேண்டுமானால் சொல்லலாம். எந்தப் புள்ளியில் எந்தச் செல் எத்தனை பங்கு என்று கணக்குப் போட்டுப் பிரிக்க, தனிச்செல் தரவு ஒன்று கையில் இருந்தாக வேண்டும். புள்ளிகளை 2 மைக்ரான் சதுரங்களாகச் சுருக்கிய புதிய விசியம் வந்துவிட்டது. ஆனால் சதுரம் சிறுத்தால் ஒவ்வொன்றிலும் விழும் ஆர்என்ஏவும் சிறுக்கும். நடைமுறையில் 8 மைக்ரானாகச் சேர்த்துத்தான் பார்க்கிறார்கள்.

அளவிலும் ஒரு தொல்லை. சாதாரண விசியத்தின் கட்டம் 6.5 மில்லிமீட்டர் சதுரம். 10 மில்லிமீட்டர் பயாப்சித் துண்டு அதில் நேராகப் படுக்காது. மூலைக்கு மூலை வைத்தாலும் 9.2 மில்லிமீட்டர்தான். 11 மில்லிமீட்டர் கட்டமும் கிடைக்கிறது, விலை அதற்கேற்ப.

இன்னொரு குடும்பம், நுண்ணோக்கியில் ஆர்என்ஏ ஒவ்வொன்றையும் ஒளிரவைத்து நேரடியாக எண்ணுவது. 2015-இல் ஹார்வர்டில் ஷாவ்வெய் ஷுவாங்கின் குழு கொண்டுவந்த மெர்ஃபிஷ் இந்த வகை. சந்தையில் சீனியம் என்ற கருவியும் இதே குடும்பம்தான். செல்லுக்குள்ளேயே எந்த மூலையில் எந்த ஆர்என்ஏ என்று தெரியும், கண்ணுக்கு விருந்து. ஆனால் எந்த மரபணுக்களைத் தேடுவது என்று முன்கூட்டியே பட்டியல் கொடுக்க வேண்டும். பெரும்பாலும் சில நூறு, அல்லது சில ஆயிரம். எதைத் தேடுவது என்று தெரியாத நிலையில் இதற்குப் பணம் போடுவது, கல்யாணத்துக்குப் பெண் பார்க்கும் முன்பே மண்டபத்துக்கு அட்வான்ஸ் கொடுப்பது மாதிரி. அதோடு செல்லின் எல்லைக் கோட்டைக் கணினி ஊகித்துப் போட வேண்டும். குழல்கள் நெருக்கியடித்து நிற்கும் சிறுநீரகத்தில் அந்தக் கோடு பக்கத்து வீட்டுக்குள் போய்விடும்.

என் தீர்ப்பு, ஸ்பேஷியல் இரண்டாவது ஆண்டுக்கான வேலை. முதலில் பட்டியல் கிடைக்கட்டும், அப்புறம் அது எங்கே இருக்கிறது என்று தேடலாம்.

மற்றவை, சுருக்கமாக

ஸ்மார்ட்-சீக் குடும்பம்: தட்டின் ஒவ்வொரு குழியிலும் ஒரு செல். ஆர்என்ஏவை முழுநீளத்துக்குப் படிக்கலாம், ஆழமும் அதிகம். ஒரு தட்டில் 384 செல்தான். அரிய செல் ஒன்றை ஏற்கனவே பிடித்து வைத்திருப்பவர்களுக்கு ஏற்றது. அவளுக்கு இல்லை.

பார்கோடை மூன்று நான்கு சுற்றுகளாகக் கலக்கிப் பூசும் முறை: துளிக்கருவியே தேவையில்லை. செல்லையோ உட்கருவையோ கெட்டிப்படுத்திச் சேர்த்து வைத்து, பல மாதத்து மாதிரிகளை ஒரே நாளில் ஓட்டலாம். கருவி வாங்க வசதியில்லாத இடங்களுக்கு இது பெரிய உதவி, அவளும் யோசிக்கலாம். ஆனால் சுற்றுக்குச் சுற்று கழுவும்போது செல் தொலைந்துகொண்டே இருக்கும். எட்டு மில்லிகிராமில் தொடங்குபவருக்கு அது பயம்தான்.

ஃபார்மலினில் ஊறி மெழுகில் பொதிந்த திசுத் துண்டுகள்: எல்லா ஆஸ்பத்திரி அலமாரியிலும் வருஷக்கணக்கில் கிடக்கின்றன. அதில் ஆர்என்ஏ நொறுங்கியிருக்கும். ஆனாலும் துண்டு துண்டாக ஒட்டும் சின்னச் சின்னத் தேடுகுறிகளால் படிக்கும் ஃப்ளெக்ஸ் என்ற முறை சுமார் 18,000 மரபணுக்களைத் தேடித் தரும். குறி இல்லாத மரபணு தெரியாது. பழைய நோயாளிகளுக்குப் பின்னாளில் என்ன ஆனது என்று ஏற்கனவே தெரிந்திருப்பதால், கேள்வி அப்படிப்பட்டது என்றால் இதை நான் முதலிடத்துக்கே தூக்கிவிடுவேன்.

செல் எத்தனை என்பதைவிட ஆள் எத்தனை

இதைத்தான் அன்று அதிக நேரம் பேசினோம். வழியைத் தேர்வதில் காட்டும் அக்கறையில் பாதியை இதில் காட்டினால்கூடப் போதும் என்பது என் அபிப்பிராயம்.

லட்சம் செல், பத்து லட்சம் செல் என்று எண்ணிக்கை பேசுவது இந்தத் துறையின் பெருமைப் பேச்சு. சில கேள்விகளுக்கு அது தேவையும்கூட. 2018-இல் மூச்சுக்குழாய்ச் சுவரில் அயனோசைட் என்ற செல்லை இரண்டு குழுக்கள் கண்டுபிடித்தன. நூற்றில் ஒன்று என்ற அளவிலோ அதற்கும் குறைவாகவோ இருக்கும் செல். சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ் நோய்க்குக் காரணமான மரபணு அதில்தான் மிக அதிகமாக வேலை செய்கிறது. ஆயிரக்கணக்கில் படிக்காவிட்டால் அது கண்ணில் பட்டிருக்காது.

ஆனால் நோயாளியையும் மற்றவரையும் ஒப்பிடும் கேள்வியில், ஒரே ஆளின் 10,000 செல்கள் 10,000 சாட்சிகள் ஆகா. ஒரே வீட்டில் பத்தாயிரம் முறை கதவைத் தட்டிவிட்டு ஊர்க் கருத்து என்று எழுத முடியுமா? செல்லையே தனி மாதிரியாக எண்ணிப் புள்ளியியல் போட்டால், இல்லாத வித்தியாசங்கள் நூற்றுக்கணக்கில் முளைக்கும். ஆள்வாரியாகச் செல்களைக் கூட்டி, ஆட்களை ஒப்பிடுவதே முறை. அப்படிப் பார்த்தால் அவளிடம் இருப்பது 12 நோயாளிகள். அவ்வளவுதான் அவள் பலம்.

செலவுக் கணக்கும் இங்கேதான் திரும்புகிறது. 10,000 உட்கரு, ஒவ்வொன்றுக்கும் 20,000 ரீட் (ஒரு ஆர்என்ஏ துணுக்கை ஒருமுறை படிப்பது ஒரு ரீட்) என்றால் 20 கோடி ரீட். நோயாளிகளோடு ஒப்பீட்டுக்கு நான்கு பேரையும் சேர்த்துப் பதினாறு பேருக்கும் தனித்தனியாக இப்படி ஓட்டினால் கைடு மயக்கம் போடுவார். அதற்குப் பதில் நான்கு பேரின் உட்கருக்களை ஒன்றாகக் கலந்து ஒரே ஓட்டத்தில் ஏற்றலாம். ஒவ்வொருவரின் மரபணு வேறுபாடுகளும் ஆர்என்ஏ ரீடிலேயே தெரிவதால், எது யாருடையது என்று பின்னால் பிரித்துவிடலாம். டீமக்ஸ்லெட் என்ற நிரல் 2018-இல் இதற்கு வழி திறந்தது. 12 நோயாளி, 4 ஒப்பீடு. ஒவ்வொரு கலவையிலும் மூன்று நோயாளி, ஒரு ஒப்பீடு. நாலே ஓட்டம். ஓட்டத்துக்கு ஓட்டம் வரும் வித்தியாசம் நோயின் வித்தியாசமாக வேஷம் போட முடியாது. இன்னொரு லாபமும் உண்டு. ஒரு துளிக்குள் இரண்டு உட்கரு விழுந்துவிடும் விபத்து குரோமியம் என்ற துளிக்கருவியின் பழைய வடிவில் 10,000-க்கு 8 சதவீதம் அளவில் நடக்கும். நான்கு பேரைச் சமமாகக் கலந்தால் அந்த ஜோடிகளில் முக்கால்வாசி வெவ்வேறு ஆட்களுடையதாக இருக்கும். உடனே காட்டிக்கொடுத்துவிடும்.

ஒப்பீட்டு மாதிரி எங்கிருந்து? கட்டிக்காக அகற்றிய சிறுநீரகத்தின் ஓரத்து நல்ல பகுதி என்றாள். எல்லாரும் அதைத்தான் எடுக்கிறார்கள். ஆனால் அகற்றுமுன் தமனியைக் கிளிப் போட்டு அடைப்பார்கள். அந்தச் சில நிமிடம் ரத்தமில்லாமல் சூட்டில் இருந்த திசு அது. ஊசிப் பயாப்சிக்கு அந்த அனுபவம் கிடையாது. கிளிப் போட்ட நேரத்தையும் உறையவைத்த நேரத்தையும் குறிப்பேட்டில் எழுதச் சொல் என்றேன். என் பழைய இரண்டு மாதம் நினைவுக்கு வந்தது.

எதுவும் செய்யாமல் இருப்பதும் ஒரு வழி

சொன்னால் மாணவர்களுக்குப் பிடிப்பதில்லை. அமெரிக்காவின் கிட்னி பிரிசிஷன் மெடிசின் திட்டமும் கூட்டாளிகளும் 2023-இல் வெளியிட்ட வரைபடத்தில் 45 பேரின் ஆரோக்கியமான சிறுநீரகமும் 48 நோயாளிகளின் சிறுநீரகமும் இருக்கின்றன. 4 லட்சத்துக்கும் மேற்பட்ட செல்களும் உட்கருக்களும், 51 முக்கியச் செல் வகைகளும். பொதுவில் கிடக்கிறது. ஒரு கணினி, மூன்று மாதம், சியூராட், ஸ்கேன்பை என்ற நிரல்களில் ஒன்றைப் பழகினால் போதும். அவள் கேள்வியில் பாதிக்கு அங்கேயே பதில் இருக்கலாம். தன் தரவு வந்தபின் செல்களுக்குப் பெயர் வைக்கவும் அந்த வரைபடமே கைவிளக்கு.

அப்படியானால் புதிதாக எதற்கு என்று கேட்டாள். நியாயமான கேள்வி. யாருடைய உடல்கள் வரைபடத்தில் இருக்கின்றன என்பது இப்போது இந்தத் துறையே கேட்டுக்கொள்ளும் கேள்வி. ஆசிய நோயெதிர்ப்பு வேறுபாட்டு வரைபடம் என்ற கூட்டுமுயற்சியில் ஐந்து நாடுகளின் ஏழு மக்கள் குழுக்களிலிருந்து 619 பேரின் ரத்தச் செல்கள், 12 லட்சத்துக்கும் மேல், படிக்கப்பட்டன. சிங்கப்பூரின் சீனர், மலாய்க்காரர், இந்தியர் மூவரும், இந்தியாவிலிருந்து வந்த மாதிரிகளும் அதில் உண்டு. வயது, பால், வம்சாவளி எல்லாவற்றாலும் செல்கள் மாறுவது அதில் தெரிந்தது. ஆனால் அது ரத்தம். சிறுநீரகத்துக்கு அவள் எடுக்கும் பன்னிரண்டு, சின்ன எண்ணிக்கை என்றாலும், வீண் இல்லை.

கடைசியில் என்ன முடிவு? உட்கரு வழி. பயாப்சியில் நோயறிதலுக்குத் தேவையானது முதலில் நோயியல் மருத்துவருக்குப் போகும். ஆய்வுக்காகக் கூடுதல் ஊசி குத்துவது ரத்தக்கசிவு ஆபத்தைக் கூட்டும் என்பதால் அதைக் கேட்கவே வேண்டாம் என்று முன்பே பேசி வைத்திருந்தாள், நல்ல பிள்ளை. மிச்சம் கிடைப்பதை ஆஸ்பத்திரியிலேயே உறைபசையில் பொதித்து, குளிர்ந்த ஐசோபென்டேனில் முக்கி உறையவைப்பது. இரண்டு மணி நேர பஸ் பயணம் உலர்பனிப் பெட்டியில். உறைந்த அந்தப் பொதியிலிருந்து முதலில் பத்து மைக்ரான் சீவல்கள் சில எடுத்துத் தனியே வைத்துவிட்டு, மிச்சத்தை உட்கருவுக்கு அரைப்பது. அந்தச் சீவல்கள் பின்னாளில் ஸ்பேஷியலுக்கு. எதிர்ப்புச் செல்கள் குறைவாக வரும் என்பதைக் கட்டுரையில் முதலிலேயே ஒப்புக்கொண்டு எழுதுவது. நோயாளி மாதிரியைத் தொடும் முன், அகற்றிய சிறுநீரகத்தின் ஓரத்துண்டு ஒன்றில் முழு ஒத்திகை.

ஒத்திகை போன வாரம் நடந்தது. நுண்ணோக்கிப் படம் அனுப்பினாள். நீலச் சாயத்தில் உட்கருக்கள் வட்டமாக, ஓரம் கிழியாமல் இருந்தன. ஆனால் அங்கங்கே கொத்துக் கொத்தாக ஒட்டியிருந்தன. டிடர்ஜென்டில் ஒரு நிமிடம் குறைத்துப் பார், வடிகட்டியை இன்னொரு முறை ஓட்டு என்று பதில் போட்டேன். "ஸ்பேஷியல் ஸ்லைடுக்கு இப்பவே ஆர்டர் போடட்டுமா அக்கா, கம்பெனியில தள்ளுபடி தர்றாங்க" என்று கேட்டிருந்தாள். வேண்டாம் என்றேன். அதற்கும் காலாவதி தேதி உண்டு.